ஊசிக்கு முன் ஒரு சொட்டு ரத்தம்

துஷாந்தினியின் மேல் ஏற்கெனவே ஒரு புகார் இருந்தது. ஆள் மெதுவாம். தொட்டதற்கெல்லாம் குறிப்புக் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பாளாம். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துப் பதுளைக்கு வந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் மஹ்ரூப் முதலாளியைக் கவனிக்கிறவள் அவள். குளிப்பாட்டுவது, படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது, காலையில் சீனி வருத்தத்துக்கு இன்சுலின் ஊசி போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. இன்னொரு புகார் வந்தால் ஆளை மாற்றிவிடுவோம் என்று பராமரிப்பு நிறுவனத்தில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அவள் வேலையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ரமழான் நோன்பு தொடங்கி ஒன்பதாம் நாள். முதலாளியின் மகள் ஸிஹாமா கடை திறக்கும் அவசரத்தில், கையில் சாவியோடு நின்றாள். வாப்பா ரொட்டியெல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டார், ஊசியைப் போட்டுவிட்டால் தானும் கிளம்பலாம் என்றாள். பீங்கான் தட்டு துடைத்து வைத்தாற்போல் காலியாகத்தான் இருந்தது.

ஊசிக்கு முன் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சீனி அளவும் பார்க்க வேண்டும் என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த சட்டம். முதலாவது தவறிவிட்டது. இரண்டாவதையாவது விடக்கூடாது என்று துஷாந்தினி மெஷினை எடுத்தாள்.

"நேத்தும் பாத்தீங்க, முந்தாநாளும் பாத்தீங்க. ஒவ்வொரு நாளும் இதே கூத்தா?" என்று ஸிஹாமா போனைக் கையில் எடுத்தாள். நிறுவனத்துக்குத்தான் என்று கேட்காமலே தெரிந்தது.  துஷாந்தினி கையை நிறுத்தவில்லை, முதலாளியின் விரலில் குத்தினாள்.

மெஷினில் அறுபத்தொன்று என்று வந்தது; எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. இதில் ஊசியையும் போட்டிருந்தால் ஆளே மிஞ்சியிருக்க மாட்டார். நெற்றியைத் தொட்டாள். சில்லென்று வியர்த்திருந்தது. தலையணையைச் சரிசெய்யக் கையை விட்டபோது ஒரு பொலித்தீன் பை தட்டுப்பட்டது. உள்ளே முழு ரொட்டிகள்.

மனிதர் இன்று களவாக நோன்பு பிடித்திருக்கிறார். நோயாளிக்கு அது கடமையில்லை என்று பள்ளிவாசல் இமாம் ஹஸரத் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிழவர் கேட்டால்தானே. அதிலும் நேற்றிரவு சாப்பிட்டதோடு சரி, விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கு எழுப்ப ஆளில்லாமல் வெறும் வயிறு.

துஷாந்தினி சீனி கரைத்த தண்ணீரை நீட்டினாள். முதலாளி வாயை இறுக்கிக்கொண்டார். ஸிஹாமா கெஞ்சினாள், அழுதாள், அதட்டியும் பார்த்தாள். அறுபது வருஷமாக ஒரு நோன்பும் விட்டதில்லையாம், படுக்கையில் விட்ட எட்டே போதுமாம், மூச்சு வாங்க வாங்க அதையே சொன்னார்.

துஷாந்தினிக்கு மார்க்க விஷயம் ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் சொன்னாள். "மொதலாளி, நீங்க மயங்கிப் போனா தோட்டத்துப் புள்ள ஒழுங்கா பாக்கலனு தான் ஊரு சொல்லும். அந்தப் பழி எனக்கு வேணாங்க."

அறுபது வருஷம் கடை நடத்தியவர். தன் பிழைக்கு வேலையாளை மாட்டிவிட்ட பேர் எடுக்காதவர். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

அடுத்த கால் மணி நேரம் மூன்று பேரும் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது சொட்டில் நூற்றி எட்டு வந்தது. துஷாந்தினி அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அப்பாடா என்று வாய்விட்டே சொன்னாள்.

ஊசி போடவில்லை என்று கொப்பியில் எழுதி, அடுத்து என்ன செய்வதென்று டொக்டரைப் போனில் கேட்டாள். ஸிஹாமாவும் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நிறுவனத்தோடு பேசிய குரல் உள்ளே நன்றாகவே கேட்டது.

"முந்தி ஒரு புகார் சொன்னேனே, அந்த விஷயம்தான். ஆள மாத்த வேணாம். மாத்தினா நான் வாப்பாவ வேற யாருட்டயும் உட மாட்டேன்."

முதலாளி துஷாந்தினியைக் கடைக்கண்ணால் பார்த்தார்.

"நாளைக்கும் விரல்ல குத்துவீங்களா மகள்?"

"தெனமும் குத்துவேங்க."

"அப்ப இனி ஒளிக்க ஏலாது," என்று பெருமூச்சுவிட்டு, ரொட்டிக்குக் கை நீட்டினார்.