வாயால் சொல்லுங்கோ

அந்தக் கொரோனா ஆவணியில் நாடு முழுவதும் தலையாட்டப் பழகிவிட்டது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிவிட்டால் பாவம், சனம் வேறென்ன செய்யும்? சங்கக்கடையில் "சீனி ஒரு கிலோவோ?" என்றால் ஒரு தலையாட்டல். பஸ்ஸில் "மன்னாரோ?" என்றால் இன்னொன்று. ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது கதை சொல்லும் ஆட்களெல்லாம் கழுத்தாலேயே சீவியத்தை ஓட்டத் தொடங்கியிருந்தார்கள்.

பிரேமினிக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. அவள் ஆலடிமுறிப்பின் குடும்பநல உத்தியோகத்தர். ஊர் வாயில் 'மிட்வைப் மிஸ்'. மன்னார் தீவிலிருந்து பாலம் தாண்டி, விடத்தல்தீவுப் பாதையில் வந்து, வயல் பக்கம் திரும்பி, ஆறு வருடமாக அந்த ஊருக்கு ஸ்கூட்டியில் வந்துபோகிறாள். அங்குள்ள சின்னப்பிள்ளைகள் அத்தனை பேரையும் தராசில் தொங்கவிட்டு நிறை பார்த்தவள் அவள்தான். மாஸ்க் விடயத்தில் மட்டும் அவளிடம் ஈவிரக்கம் கிடையாது. சட்டம் போடச் சொல்கிறது, போட வேண்டும். கட்டாயப்படுத்துவது சரியா பிழையா என்று சந்தியில் நின்று வாதாடுகிறவர்களிடம், "இழுக்கிற மூச்சு உங்கட சொந்தம், விடுற மூச்சு உங்கட சொந்தமில்லை" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள். அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. திறந்தாலும் மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்காது.

அந்த ஊரில் அவளுக்கு மடங்காத ஒரே மனிதர் பரமநாதன். அறுபத்துநாலு வயது, நாலு ஏக்கர் வயல், சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு வருவார். மாஸ்க் போடாமல் வருவார். அவள் வாசலிலேயே மறிப்பாள். அவர் வந்த வழியே திரும்பிப் போவார். மூன்று மாதம் இப்படியே போனது. மூன்றாம் முறை, "முகத்தைக் காட்டாத ஆக்களோட எனக்குக் கதையில்லை" என்று சொல்லிவிட்டு, அவளுடைய கண்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். எதையோ தொலைத்தவர் தேடுவது போன்ற பார்வை. அவளுக்கு எரிச்சலாக வந்தது. மனிதருக்குத் திமிர் என்று முடிவுகட்டிவிட்டாள்.

சுகாதாரப் பரிசோதகர் றிஸ்லான், எருக்கலம்பிட்டிக்காரர், நல்ல மனிதர்தான். பொறுமையை மட்டும் ஆண்டவன் அவருக்குக் கொஞ்சமாக அளந்துவிட்டான்.

"வழக்கைப் போடுவம் மிஸ். ஒருக்காக் கோட்டுப் படி ஏறினா மாஸ்க் தானா வரும்."

"மாஸ்க் வரும் ஐயா. ஆள் ஊசிக்கு வராது" என்றாள் பிரேமினி.

அவருக்குக் கொரோனாத் தடுப்பூசி போடுவதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. போன கிழமைதான் பரமநாதன் குடியிருந்த அதே ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், கடைசி வீட்டுச் சின்னத்துரை கொரோனாவில் போயிருந்தார். சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை. மனிசி கடைசியாக முகம்கூடப் பார்க்கவில்லை. சின்னத்துரைக்கும் சீனி வருத்தம்தான். அடுத்தது பரமநாதன் என்று பிரேமினி உண்மையாகவே பயந்தாள்.

ஆகவே ஒழுங்கையில் ஊசி போடாமல் இருந்த, அறுபது தாண்டிய பதினொரு பேரின் பெயர்களையும் அவளே பட்டியல் எழுதினாள். வீடு வீடாகப் போய் ஊசி போட ஆமிக்காரர் உதவிக்கு வந்த காலம் அது. வழி காட்டுவதற்காக அவள் ஜீப்பின் முன் இருக்கையில் ஏறினாள். இரண்டு மாஸ்க், அதற்கு மேல் முகத்தை மறைக்கும் பிளாஸ்டிக் தட்டு, தலைக்கு நீலத் தொப்பி. பெற்ற தாய் எதிரில் வந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது.

ஜீப் ஒழுங்கைக்குள் மெல்ல ஊர்ந்தது. ஓட்டி வந்த சிங்களக் கோப்ரல் ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நிறுத்தி, தனக்குத் தெரிந்த தமிழில், "இந்த வீடு?" என்று கேட்டான். பட்டியலில் இல்லாத வீடென்றால் அவள் சும்மா இருந்தாள். இரண்டு வீடு அப்படிப் போனது. மூன்றாவது படலையில் பரமநாதன் நின்று வேலி அடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வீடு? இந்த ஆள்?"

பிரேமினி தலையை ஆட்டினாள்.

பரமநாதனின் கையிலிருந்த கத்தி கீழே விழுந்தது. அவர் ஓடினார். அறுபத்துநாலு வயது, சீனி வருத்தம், காலில் செருப்பில்லை. வளவைக் கடந்து, பின்வேலியைப் பிய்த்துக்கொண்டு, வெட்டி முடிந்த வயலுக்குள் விழுந்தெழும்பி ஓடினார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஊசிக்கு இப்படிப் பயந்த ஆளைக் கண்டதில்லை என்று கோப்ரல் சிரித்தான். பிரேமினிக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் பரமநாதனின் மனைவி இராசம்மா விளக்குமாறும் கையுமாகப் படலைக்கு வந்துவிட்டார்.

"ஆரடி நீ? ஆரைக் காட்டிக்குடுக்க வந்தனீ?"

"அம்மா, நான் மிஸ்..." இரண்டு மாஸ்க்கையும் தாண்டி அந்தச் சொல் வெளியே போகவில்லை.

"தலையாட்டி!" இராசம்மா ஒழுங்கை அதிரக் கத்தினார். "தலையாட்டி வந்திருக்கு!"

பிரேமினிக்குத் தெரிந்த தலையாட்டி வேறு. எதற்கும் ஆமாம் போடுகிறவரைப் பகிடியாகச் சொல்லும் சொல் அது. இங்கே ஒருவரும் பகிடியாக எடுக்கவில்லை. படார் படாரென்று கதவு சாத்தும் சத்தம் ஒழுங்கையின் கடைசி வரைக்கும் போனது. பதினொரு பேரின் ஊசியும் ஐஸ் பெட்டியோடு அப்படியே திரும்பியது.

பின்னேரம் அவள் தனியாக வந்து, படலைக்கு வெளியே நின்று, ஜீப்பில் வந்தது தான்தான் என்று உரத்துச் சொன்னாள். இராசம்மா முற்றத்தில் நின்றபடியே குரலை வைத்து ஆளைப் பிடித்துவிட்டார். பிடித்ததும் கோபம் இன்னும் கூடியது.

"நீயோ பிள்ளை அது? உனக்கு வேற வேலை கிடைக்கேல்லையோ?"

பிறகு அவரே சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு ஆமியின் ஒரு சுற்றிவளைப்பு. ஊர் ஆம்பிளைகள் எல்லோரையும் பள்ளிக்கூட வளவில் வெயிலில் இருத்தினார்கள். ஒரு வாகனம் வந்து நின்றது. அதன் முன் இருக்கையில் ஒருவன். தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் நடந்து போக வேண்டும். அவன் சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் போக முடியாது.

"இவர் முன்னால போனவர். அவன் ஆட்டேல்லை. பின்னால இவற்ற தம்பி குணம், குணரத்தினம். இருவத்திரண்டு வயசு. ஆட்டிப்போட்டான். ஒரு சொல்லுப் பேசேல்லைப் பிள்ளை. பேசியிருந்தாலாவது ஆரெண்டு பிடிபட்டிருக்கும். குணம் திரும்பி வரேல்லை." இராசம்மா மூக்கைச் சிந்தி முந்தானையால் துடைத்தார். "கண் ரெண்டும்தான் தெரிஞ்சதாம். அண்டைக்கிருந்து இந்த மனுசன் காணுற ஆக்களின்ர கண்ணைத்தான் பாத்துக்கொண்டு திரியுது. இப்ப ஊரெல்லாம் கண்ணை மட்டும் வெளியில விட்டுக்கொண்டு வாறியள். அந்தாள் என்னதான் செய்யிறது?"

மூன்று மாதமாகத் திமிர் என்று நினைத்திருந்தாளே, அந்த வெட்கம் பிரேமினியைப் பிடுங்கித் தின்றது. பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அழுதாள். மாஸ்க் நனைந்து மூக்கில் ஒட்டியது.

றிஸ்லானுக்குத் தொலைபேசியில் விடயத்தைச் சொன்னபோது, வழக்குப் போடத் துடித்த மனிதர் வழக்குப் பேச்சையே எடுக்கவில்லை.

"எங்கட வாப்பாவும் அந்த வருசம் முஸ்லிம் சனத்தோட துரத்துப்பட்டு ஊரை விட்டுப் போனவர்தான் மிஸ். எனக்கு விளங்குது. நீங்க மாஸ்க்கைக் கழட்டிட்டுப் போய்க் கதையுங்க. ஒரு ஆளுக்காகச் சட்டத்தை ஒருக்கா வளைச்சாக் குடிமுழுகாது."

"இண்டைக்கு மட்டும் நாலு காய்ச்சல் வீட்டுக்குப் போயிருக்கிறன் ஐயா. அவருக்குப் பக்கத்தில போய் நான் மூச்சு விட்டு, அவருக்குத் தொத்தினால்?"

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

படுக்கப் போகுமுன்தான் அவளுக்கு ஒன்று புரிந்தது. சட்டம் மூடச் சொன்னது உண்மை. ஆரென்று சொல்லாமல் மூடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே!

விடிந்ததும் ஸ்கூட்டியைக் குளக்கட்டில் விட்டுவிட்டு பரமநாதனின் வயலுக்குள் இறங்கினாள். அவர் வரம்பில் குந்தியிருந்தார். காலில் சீலைத்துண்டால் கட்டு. ஓடும்போது வெட்டிய நெல்லின் அடித்தாள் கிழித்திருந்தது. சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. காற்று அவர் பக்கமிருந்து தன் பக்கம் வரும்படி இடம் பார்த்து, இருபது அடி தள்ளி நின்றாள். அங்கே நின்றுதான் மாஸ்க்கைக் கழற்றினாள்.

"ஐயா, இங்க பாருங்கோ. இதுதான் என்ர முகம். என்ர பேர் பிரேமினி. பேசாலை சவிரியானின்ர மகள்."

அவர் பார்த்தார். நெற்றி, மூக்கு, மேலுதட்டில் இருந்த சின்னத் தழும்பு, நாடி. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இப்ப மூடப்போறன். உங்கட கண்ணுக்கு முன்னாலதான் மூடுறன்." மெதுவாக மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தினாள். "இப்பவும் நான்தான்."

"அப்ப ஏன் தலையை ஆட்டினனீ?"

"வாயைத் திறக்கிற பஞ்சியில, சோம்பலிலதான் ஐயா. ரெண்டு மாஸ்க் போட்டிருந்தன், சொன்னால் கேக்காதெண்டு ஆட்டிப்போட்டன். பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பரமநாதன் ஒரு மண்கட்டியை எடுத்து விரலால் உடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ர பேரை ஆர் எழுதிக் குடுத்தது?"

"நான்தான்."

அவர் நிமிர்ந்தார்.

"நான்தான் ஐயா. பதினொரு பேரையும் என்ர கையாலதான் எழுதினனான். நீங்கள் சாகக்கூடாதெண்டு எழுதினனான்."

பரமநாதனின் வாய் கோணியது. மண்ணான கையாலேயே கண்ணைப் பொத்திக்கொண்டு அழுதார். தம்பியைக் காட்டிக்கொடுத்தது யார் என்று முப்பத்தொரு வருடமாக மனதுக்குள் கேட்டுத் திரிந்தவர் அவர். காரியம் வேறுதான். ஆனாலும் ஒரு ஆள் முகத்தைக் காட்டி "நான்தான்" என்று சொன்னது அன்றைக்குத்தான். பிரேமினிக்கு ஓடிப்போய் அவர் தோளைப் பிடிக்க வேண்டும்போல இருந்தது. இருபது அடியையும் விட்டுக்கொடுக்காமல் நின்றாள்.

துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் பேசியபோது 'நீ' போய் 'நீர்' வந்திருந்தது.

"ஜீப் வேண்டாம் பிள்ளை. மண்டபத்தில வையும், நாங்கள் நடந்து வாறம். ஆனால் வாற ஆக்கள் எல்லாரும் நீர் செய்த மாதிரித் தூர நிண்டு முகத்தைக் காட்டி, பேரைச் சொல்லிப்போட்டுத்தான் மூட வேணும். ஊசி போடுறவை, பேர் எழுதுறவை, ஆமி, ஆரெண்டாலும். ஒருத்தரும் தலையாட்டக் கூடாது. கேட்டால் வாயால சொல்ல வேணும். அப்பிடியெண்டால் நானும் மாஸ்க் போடுறன்."

"ஓம்" என்றாள் பிரேமினி. பழக்கதோஷத்தில் தலையும் ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினாள்.

"இதென்ன மிஸ், ஊசி போடுறதா, கலியாணத்துக்குப் பொம்பிளை பாக்கிறதா?" என்று றிஸ்லான் தொலைபேசியில் முணுமுணுத்தார். முணுமுணுத்தாரே தவிர, சனிக்கிழமை காலை பொதுமண்டபப் படலைக்கு முதல் ஆளாக வந்து நின்றவரும் அவர்தான். மாஸ்க்கை இறக்கி, "றிஸ்லான். எருக்கலம்பிட்டி அப்துல் றசாக்குட மகன்" என்று உரத்துச் சொன்னார். அவர் தாடி வளர்த்திருப்பது அன்றுதான் ஊருக்குத் தெரியவந்தது. அடுத்தது கோப்ரல். "நுவன். அனுராதபுரம்" என்று வெட்கப்பட்டுச் சிரித்தான். முன்பல் ஒன்று இல்லை. மரநிழலில் நின்ற மனிசிமார், "பாவம், இந்தப் பொடியனுக்கோ பயந்தனாங்கள்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

சனம் ஒவ்வொன்றாக வந்தது. வெட்டவெளியில் முகத்தைக் காட்டி, பேரைச் சொல்லி, மூடிக்கொண்டு உள்ளே போனது. எட்டுப் பேர் வந்துவிட்டார்கள். ஒன்பதாவதாக இராசம்மா வந்தார். பத்தாவது ஆளும் வந்தாயிற்று. பிரேமினி படலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியாகப் பரமநாதன் வந்தார். வெள்ளை வேட்டி, இராசம்மாவின் பழைய ஊதாச் சேலையில் தைத்த மாஸ்க். படலையில் நின்று அதை நாடிக்கு இறக்கினார்.

"பரமநாதன்" என்றார். அதோடு நிற்கவில்லை. மற்றவர்களைப் போல அப்பாவின் பெயரையும் சொல்லவில்லை. "குணரத்தினத்தின்ர அண்ணன்."

அந்தப் பெயரை அவர் நாலு பேர் கேட்கச் சொல்லி முப்பத்தொரு வருடம். இராசம்மா கதிரையில் இருந்தபடியே விம்மினார். பரமநாதன் மாஸ்க்கை மேலே இழுத்து, மூக்குக்கு மேல் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார்.

மேசையில் பட்டியலோடு இருந்த கோப்ரல் அவரைப் பார்த்தான். பிறகு பிரேமினியைப் பார்த்தான். பாவம், அவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான்.

"இந்த ஆள்?"

பரமநாதன் பிரேமினியின் கண்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் கழுத்தை அசைக்கவில்லை. மூச்சை நன்றாக இழுத்து, வெளியில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி வாயால் சொன்னாள்.

"ஓம். இந்த ஆள்தான். பரமநாதன் ஐயா. குணரத்தினத்தின்ர அண்ணன்."

பரமநாதன் கதிரையில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார்.

"இனிப் போடச் சொல்லும் பிள்ளை" என்றார்.