தேவகி கூப்பிடாத வரைக்கும்

திண்டிவனத்தில் தேவகியின் குரலுக்குப் பயந்தவர்கள் நிறையப் பேர். அவள் யாரையும் அதட்டிப் பேசியவள் இல்லை, வட்டி வசூலிக்கிறவளும் இல்லை. மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் உட்கார்ந்து ரிப்போர்ட் கொடுக்கிறவள், அவ்வளவுதான். சர்க்கரை, உப்பு, மஞ்சள் காமாலை என்று சாதாரண ரிப்போர்ட்டுகளை ஜனங்கள் தாங்களாகவே வந்து வாங்கிப் போவார்கள். எதிலாவது விபரீதமாக இருந்தால் மட்டும் தேவகி போன் செய்வாள். அப்போதும் வியாதியின் பெயரைச் சொல்ல மாட்டாள். ரிப்போர்ட் வந்துவிட்டது, வீட்டில் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பதோடு வைத்துவிடுவாள்.

கெட்ட சேதியைப் போனில் போட்டு உடைக்கக்கூடாது, நேரில் வரவழைத்து உட்கார வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்பது முதலாளி தீனதயாளன் வைத்த முறை. நல்ல முறைதான். ஆனால் ஜனங்கள் என்ன முட்டாள்களா? தேவகியிடமிருந்து போன் வந்தாலே விஷயம் இன்னதென்று விளங்கிவிடும். கூட்டேரிப்பட்டிலிருந்து மரக்காணத்துக் குப்பங்கள் வரைக்கும் இது எல்லாருக்கும் தெரிந்துபோனது. டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தவர்களிடம் யாராவது விசாரித்தால், "தேவகி கூப்புடல, ஒண்ணும் இருக்காது" என்பார்கள்.

இதில் தேவகி பட்ட பாட்டை யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. எதிர்முனையில் ஒரு மனிதன் அப்படியே பேச்சற்றுப் போவதை வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்க வேண்டியிருந்தது. ஒருமுறை கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்த பெண், இவள் யாரென்று தெரிந்ததும், பரிமாறிய சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வேறு வரிசைக்குப் போனாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தேவகி அழுதாள். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவளுக்கு எமனுடைய ஆள் என்று பெயர் வந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அதனால்தான், 2013 ஐப்பசியில், இனிமேல் கெட்ட சேதியை டாக்டரே சொல்லிக்கொள்ளட்டும், ரிப்போர்ட்டையெல்லாம் ஈமெயிலில் அனுப்பிவிடலாம் என்று தீனதயாளன் சொன்னபோது, அவளுக்கு யாரோ தலைச்சுமையை இறக்கி வைத்தது போல இருந்தது. அவர் பாதி நாள் விழுப்புரம் கிளையில் இருப்பவர். கம்ப்யூட்டர் சமாச்சாரத்தை வெற்றிச்செல்வனிடம் ஒப்படைத்து, எது வேண்டுமோ நீயே பார்த்து முடிவு செய் என்று தேவகியிடம் சொல்லிவிட்டார்.

வெற்றிச்செல்வன் விழுப்புரத்தில் கடைகளுக்கெல்லாம் பில் போடும் சாப்ட்வேர் செய்து கொடுப்பவன். லேபின் சொந்த மெயிலிலிருந்து தினமும் கத்தை கத்தையாக அனுப்பினால் போய்ச் சேராது, இதற்கென்றே மெயில் அனுப்பிக் கொடுக்கும் சர்வீஸ்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை எடுக்க வேண்டும் என்றான். இரண்டைக் காட்டினான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. முதலாவது, அனுப்பிய ஒவ்வொரு மெயிலும் என்ன ஆயிற்று என்று சொல்லும். யாருக்குப் போகவில்லை, யார் திறந்து பார்த்தார்கள், யார் இந்தக் குப்பை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள், எல்லாம் காலையில் வந்ததும் சிவப்பிலும் பச்சையிலும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். இரண்டாவது அந்த வம்புக்கெல்லாம் போகாது. அனுப்பியாயிற்று என்று ஒரு டிக் போடும், அதோடு சரி.

"மொதல்ல சொன்னதையே எடுத்துக்கோங்கக்கா" என்றான் வெற்றிச்செல்வன். "செவப்புல நிக்கிறவங்களுக்கு மட்டும் நீங்க ஒரு போன் பண்ணிட்டா போதும்."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் அந்தப் 'போன்' என்ற சொல்லை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். தினமும் காலையில் சிவப்பில் நிற்கும் பெயர்களைத் தேவகி மனசுக்குள் பார்த்துவிட்டாள். மறுபடியும் போன், மறுபடியும் அந்தப் பேச்சற்ற மனிதர்கள்.

"ரெண்டாவதே இருக்கட்டும்பா. அதுதான் பாக்க சுலுவா இருக்குது."

சாயங்காலம் தீனதயாளன் போனில் கேட்டபோது, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் சார் என்று சொல்லிவிட்டாள். அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அடுத்த இரண்டு மாதம் தேவகிக்கு நல்ல காலம். லேபிலேயே எடுத்ததோ, பெரிய டெஸ்டென்று சென்னைக்கு அனுப்பி வாங்கியதோ, எந்த ரிப்போர்ட்டையும் திறந்துகூடப் பார்க்காமல் பெயரை மட்டும் சரிபார்த்து அனுப்பப் பழகிக்கொண்டாள். டிக் விழும். எழுந்து போய் டீ குடிப்பாள். அவளுக்கு உடம்பு கொஞ்சம் பூசினாற்போலக்கூட ஆயிற்று.

மெயில் முகவரி இல்லாதவர்கள்தான் பாதிக்கு மேல். அவர்கள் யாருடையதையாவது கொடுத்தார்கள். மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே முகவரியைக் கொடுத்தார்கள். அது பாண்டுரங்கனுடையது. குப்பத்துக்கு வெளியே ரோட்டோரம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். ரேஷன் கார்டு, மீனவர் அட்டை, கேஸ் புக்கிங், எதுவானாலும் அவன் கம்ப்யூட்டர்தான், அவன் மெயில்தான். குப்பத்தில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. தபால்காரர் கடையில் கொடுத்துவிட்டுப் போவதில்லையா, அது போலத்தான்.

பொங்கல் நெருங்கியது. தீனதயாளனுக்கு ஒரு பழக்கம் உண்டு. லேபுக்கு வந்து போன ஒரு ஆள் விடாமல் பொங்கல் வாழ்த்து அனுப்ப வேண்டும். முன்பெல்லாம் அட்டை அச்சடித்துத் தபாலில் போடுவார். இப்போதுதான் மெயில் இருக்கிறதே. கரும்பு, பானை, மூலையில் கைகூப்பி நிற்கும் அவருடைய போட்டோ, எல்லாம் சேர்த்து ஒரு படம் தயாராயிற்று. ரிப்போர்ட் போகிற வழியில் வாழ்த்தைப் போகவிடாதீர்கள் சார் என்று வெற்றிச்செல்வன் தடுத்துப் பார்த்தான். நாளும் கிழமையுமாக வாழ்த்து சொல்லக்கூடாது என்கிறானே, இவனெல்லாம் என்ன பிள்ளை என்று தீனதயாளனுக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம். தேவகி பட்டனை அழுத்தினாள்.

போகிப் பண்டிகை அன்று பாண்டுரங்கன் மெயிலைத் திறந்தால், தீனதயாளன் கைகூப்பிக்கொண்டு நின்றார். அடுத்ததிலும் அவரே. குப்பத்தில் டெஸ்ட் எடுத்துக்கொண்ட ஆள் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று, ஒரே பெட்டியில் நாற்பதுக்கும் மேல். யாரோ பேஜார் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் மொத்தமாக டிக் செய்து, 'ஸ்பாம்' என்ற பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினான். அன்றிலிருந்து அந்த லேபிலிருந்து எது வந்தாலும் அவன் கண்ணில் படாமல் நேராகக் குப்பைக் கூடைக்குப் போக ஆரம்பித்தது. முதலாவது சர்வீஸாக இருந்திருந்தால் அடுத்த நாளே தேவகிக்குச் சிவப்பில் எழுதிக் காட்டியிருக்கும். இரண்டாவது சர்வீஸ் டிக் போட்டது.

குப்பத்து ஆட்கள் வந்து கேட்டால், ஒன்றும் வரவில்லையே என்பான் பாண்டுரங்கன். அவசரக்காரர்கள் திண்டிவனம் போகும்போது நேரில் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்களுக்கு அதுவே நல்ல சேதியாகப் போயிற்று. தேவகி கூப்பிடவும் இல்லை, மெயில் வரவும் இல்லை, பிறகென்ன?

தை பாதியில் செந்தாமரை வந்தாள். அதே குப்பத்துக்காரி, கடலுக்குப் போகும் சின்னக்கண்ணுவின் மனைவி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மார்பில் ஒரு கட்டி. சனிக்கிழமைகளில் திண்டிவனத்துக்கு வந்து போகும் டாக்டரம்மா ஊசியால் குத்தி எடுத்து லேபுக்குக் கொடுத்தார், லேபிலிருந்து அது சென்னைக்குப் போனது. ரிப்போர்ட் வந்ததும் எடுத்துக்கொண்டு வாம்மா என்று சொன்ன டாக்டரம்மாவுக்கு, அன்றைக்கு வாசலில் காத்திருந்த கூட்டத்தில் அவள் ஒருத்தி.

"நீங்க கூப்புடுவீங்களாக்கா?" என்று தேவகியின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள் செந்தாமரை.

இனிமேல் எல்லாம் மெயிலில் வந்துவிடும் என்று தேவகி சொன்னாள். செந்தாமரை தலையாட்டினாள். அவள் கேட்க வந்தது அதை அல்ல.

ரிப்போர்ட் வந்தது. அதில் இருக்கக்கூடாத சொல் இருந்தது. தேவகி வழக்கம்போலப் பெயரைச் சரிபார்த்தாள், அனுப்பினாள், டிக் விழுந்தது. இனி அந்தப் பெண்ணின் உயிர், பாண்டுரங்கனின் குப்பைக் கூடையில், கரும்புக்கும் பானைக்கும் மேலே கிடந்தது. அது அங்கே இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

மாசி மகத்துக்கு முன்னால் ஒருநாள் செந்தாமரை மறுபடியும் லேபுக்கு வந்தாள். டெஸ்டுக்கு இல்லை. கையில் ஒரு பை, பையில் பேப்பரில் சுற்றிய வஞ்சிரக் கருவாடு. தானே உப்புப் போட்டுக் காயவைத்ததாம். எதற்கும்மா இதெல்லாம் என்றாள் தேவகி.

"சும்மாத்தாங்க்கா. பதினஞ்சு நாளு போனு அடிச்சா ஒடம்பே நடுங்கும் எனக்கு. நீங்க கூப்புடல இல்ல, அதுக்குத்தான்."

தேவகிக்கு மனசு நிறைந்துபோனது. பந்தியில் எழுந்து போன பெண்ணை நினைத்துக்கொண்டாள். இந்த லேபில் உட்கார்ந்த நாளாக அவளுக்கு யாரும் எதுவும் கொண்டுவந்து கொடுத்ததில்லை. உன் ரிப்போர்ட்டைப் பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருக்கிறவளைப் பார்த்து அப்படி யாருக்குத் தோன்றும்? அன்றைக்குக் கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வீட்டில் எல்லாரும் இன்னொரு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. மீன்பிடித் தடைக்காலமும் முடிந்து படகுகள் கடலுக்குத் திரும்பின. ஆடியில் ஒருநாள் பாண்டுரங்கன் லேபுக்குப் போன் செய்தான். குப்பத்துப் பையன் ஒருவன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போகிறான், ரத்த ரிப்போர்ட் உடனே வேண்டும், இன்னும் ஏன் அனுப்பவில்லை என்று சத்தம் போட்டான். அனுப்பியாயிற்றே, டிக் இருக்கிறதே என்றாள் தேவகி. வரவில்லை என்று அவனும், போயிற்று என்று இவளும் கொஞ்ச நேரம் மல்லுக்கு நின்றார்கள். பிறகு அவனே எங்கெங்கோ தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"இங்க ஸ்பாம்ல கெடக்குதுங்க. இன்னாங்க இது, பொங்கல்லருந்து உங்க மெயிலு அத்தினியும் இங்கதான் இருக்குது. ஒண்ணுகூடத் தொறக்கல."

தேவகி போனை வைத்தாள். அந்த முகவரிக்கு அனுப்பியதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, முதல் தடவையாகப் படித்தாள். சர்க்கரை கொஞ்சம் கூட. ரத்தம் கம்மி. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. இது ஒன்றும் இருக்காது என்று அவள் மூச்சு விட ஆரம்பித்த நேரத்தில் செந்தாமரையின் பெயர் வந்தது. கீழே அந்தச் சொல். அதற்குக் கீழே, உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்பவும் என்று ஒரு வரி. தேதி தை மாதத்தது.

வியாதியின் பெயரைவிட அந்தத் தேதியைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு, கெட்ட சேதிக்காக லேப் போனை எடுத்தாள். சின்னக்கண்ணுதான் எடுத்தான். பின்னால் அலைச் சத்தம் கேட்டது. திண்டிவனம் லேபிலிருந்து தேவகி பேசுகிறேன் என்றதுமே எதிர்முனை பேச்சற்றுப் போனது. அவளுக்கு நன்றாகப் பழகிய அதே மௌனம். செந்தாமரையின் ரிப்போர்ட் விஷயமாக என்று ஆரம்பித்தாள், முடிக்க வரவில்லை.

"அது தையில எடுத்ததாச்சேம்மா" என்றான் அவன்.

"ஆமாங்க."

"மூணு மாசமா அவ வலிக்குது வலிக்குதுன்னு சொல்லிக்கினு இருக்கிறா. நாந்தாம்மா ஆஸ்பத்திரிக்கி வோணாம்னேன். தேவகிம்மா கூப்புடல இல்ல, ஒண்ணும் இருக்காதுன்னு."

அவன் திட்டியிருந்தால் தேவலை. அவன் திட்டவில்லை. யாரய்யா போனில் என்று தூரத்தில் செந்தாமரை கேட்பது தேவகிக்குக் கேட்டது. யாரும் இல்லை, ராங் நம்பர் என்று சின்னக்கண்ணு சொன்னான். லைன் அறுந்தது. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. இன்னொரு தரம் போட்டாள், ஸ்விட்ச் ஆப்.

அவன் மேல் குற்றம் சொல்ல அவளுக்கு வாயில்லை. வாயால் சொல்லப் பயந்து அவள் என்ன செய்தாளோ, அதையேதான் அவனும் செய்தான். ஆனால் இன்றைக்கும் யாரும் சொல்லவில்லையென்றால் அந்தப் பெண் இன்னும் ஒரு மாதம் வலியோடு மீன் காயவைத்துக்கொண்டிருப்பாள். தேவகி ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்தாள். லேபைச் சாத்திவிட்டு மரக்காணம் பஸ் ஏறினாள்.

குப்பத்தில் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தேவகியை அடையாளம் தெரிந்தவர்கள் வழி காட்டிவிட்டு அவசரமாக நகர்ந்துகொண்டார்கள். செந்தாமரை வாசலில் உட்கார்ந்து மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள், ஒரு கையால் மட்டும். இன்னொரு கை மடியில் சும்மா கிடந்தது. உள்ளே இருட்டில் சின்னக்கண்ணு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இவளைப் பார்த்ததும் செந்தாமரையின் முகமெல்லாம் சிரிப்பு. உப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கக்கா. சொல்லாம கொள்ளாம வந்துக்கிறீங்களே. கருவாடு நல்லா இருந்துதா?"

"நல்லா இருந்துதும்மா" என்றாள் தேவகி. பிறகு முறைப்படி, "இப்பிடி வந்து உக்காரு" என்றாள்.