றுமைஸா நூதனசாலை

அர்கம் சுபஹுத் தொழுதுவிட்டுக் குசினிக்குப் போனான். கேத்தலை அடுப்பில் வைத்தான். மோட்டரைப் போட்டான். கிணற்றுத் தண்ணீர் கூரைமேல் இருந்த தொட்டிக்கு ஏறிக்கொண்டிருக்கையில் பாணை வெட்டி, முதல்நாள் சம்பலைத் தொட்டுத் தின்றான். தேத்தண்ணீரைக் குடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான். தொட்டி நிரம்பித் தகரத்தில் கொட்டத் தொடங்கியது. கதிரையில் இருந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு நிரஞ்சனி டீச்சர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "தம்பி, மோட்டர்!" என்று கத்தினார். எழுந்துபோய் நிறுத்தினான். அவன் மனைவி றுமைஸா மவுத்தாகி, அடக்கம் செய்து எட்டு மாதம். எட்டு மாதமும் காலை இப்படித்தான் விடிந்தது. டீச்சர் ஒருநாளும் தவறவில்லை.

பிறகு மேசைக்குப் போனான். அவனுடைய தொழில் பயணச் செய்தி. எங்கோ ஒரு நாட்டில் இருந்த இணையத்தளம் ஒன்று, போக வேண்டிய ஊர்களையும் பார்க்க வேண்டிய இடங்களையும் பற்றி ஆங்கிலத்தில் அனுப்பும்; அவன் தமிழில் எழுதிக் கொடுப்பான். ஐஸ்லாந்தின் வெந்நீர்க் குளங்களைப் பற்றி அவன் எழுதியதை வாசித்துவிட்டு மதுரைக்காரர் ஒருவர், நீங்கள் எந்த மாதத்தில் போனீர்கள், குளிர் எப்படி என்று கேட்டிருந்தார். அவன் போயிருந்தது கட்டுநாயக்கா விமான நிலையத்தின் வாசல் வரைக்கும்தான். அதுவும் உம்ராவுக்குப் போன மாமியை வழியனுப்ப.

அன்றைக்கு வந்திருந்தது, உலகில் தவறவிடக்கூடாத சிறிய நூதனசாலைகள். நூதனசாலை என்று எழுதினால் இந்தியாவில் விளங்காது, அருங்காட்சியகம் என்று எழுது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். போலந்தில் கதவுப் பிடிகளுக்கு ஓர் அருங்காட்சியகம் இருந்தது. சிலியில், சோடி தொலைந்த கையுறைகளுக்கு ஒன்று. அவன் நிதானமாக எழுதிக்கொண்டே போனான். ஒன்பதாவது, இலங்கை, பிலிமத்தலாவை, றுமைஸா இல்லம். ஒரு சாதாரண வீட்டின் சாதாரண வாழ்க்கையைத் துளியும் கலைக்காமல் பாதுகாக்கும் அபூர்வ இடம். பேசாத காப்பாளர். கேட்டால் தேநீர்.

அது அவன் வீடு.

உயிரோடு இருந்தபோது இந்தக் காரியத்தைச் செய்து வைத்தவள் றுமைஸா. இணையத்தில் துணி வாங்குகிறவள் அவள். பொதி கொண்டுவருகிற பெடியன்கள் ஒவ்வொரு முறையும் சந்தியில் நின்று கூப்பிடுவார்கள். பள்ளிவாசலுக்குப் பின்னால், பித்தளைக் கடையைத் தாண்டி, மாமரத்தடிக் கேட் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், வீட்டைக் கைப்பேசி வரைபடத்தில் ஏற்றப் பார்த்தாள். தனியார் வீடு என்று வரைபடம் தட்டிக்கழித்தது. கடை என்று போட்டாள். என்ன கடை என்று கேட்டது. நூதனசாலை என்று போட்டாள். ஒன்றும் கேட்காமல் விடிவதற்குள் ஏற்றுக்கொண்டது. திறந்திருக்கும் நேரம்: எப்போதும். அதோடு விடாமல் ஐந்து நட்சத்திரம் போட்டு மதிப்புரையும் எழுதினாள்: "அமைதியான இடம். காப்பாளர் அதிகம் பேசமாட்டார். கேட்டால் தேத்தண்ணீர் தருவார், ஆனால் கேட்க வேண்டும்." அதற்குப் பிறகு பொதிகள் ஒழுங்காக வந்தன.

அர்கம் தளத்துக்கு எழுதினான்: ஒன்பதாவது என்னுடைய வீடு. பதில் உடனே வந்தது: அருமை! படம் இருந்தால் அனுப்பவும்.

அவனுடைய வேலை மொழியை மாற்றுவது, தகவலை மாற்றுவதல்ல. எழுதி முடித்து அனுப்பினான்.

அது பிரசுரமான வாரத்தில்தான் றுமைஸாவின் தாய், மாமி ஆஸியா உம்மா, தொலைபேசியில் பேசினார். கண்டியிலிருந்து.

"மகன், சனிக்கிழம ஷப்ராஸோட வேனக் கொண்டு வாறன். புள்ளேட உடுப்பு, சாமான் எல்லாம் ஏழைங்களுக்குக் குடுத்தா அவவுக்குத்தான் நன்ம. எத்தின நாளைக்கு இப்பிடி மூடி வெச்சிட்டு ஈக்கப் போறீங்க?"

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தான். வாயில் வந்தது "ம்" தான்.

வீட்டில் அவன் எதையும் நகர்த்தியிருக்கவில்லை. அலுமாரிமேல் சீப்பு, முடியோடு. தையல் மெஷினின் ஊசிக்கடியில் பாதி தைத்த தலையணை உறை. முன்னறை யன்னலில் ஒரு பக்கம் மட்டும் திரைச்சீலை. மறுபக்கத்தால் வெயில் நேரே அவன் கண்ணில் அடிக்கும். அவன் கதிரையைக்கூடத் தள்ளிப் போடவில்லை. இதெல்லாம் சனிக்கிழமை பெட்டிக்குள் போகும். எப்படித் தடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தடுப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அவனிடம் காரணம் இருக்கவில்லை.

சனிக்கிழமை வேனுக்கு முன்னால் த்ரீவீல் வந்தது. சந்தியில் ஓட்டுகிற சந்திரகுமார். தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. பின்னால் தொப்பி போட்ட ஒரு பெரியவரும் அவர் மனைவியும்.

"சார், கஸ்டமர் கூட்டியாந்திருக்கேன். தலதா மாளிகாவ, பேராதனப் பூந்தோட்டம், எல்லாம் முடிச்சிட்டாங்க. இது ஒண்ணுதான் பாக்கி."

"எது?"

"மியூசியம்."

"சந்திரா, இது வீடு."

"அப்பிடிச் சொல்லாதீங்க சார்," சந்திரகுமார் குரலைத் தாழ்த்தினான். "வர்ற வழியெல்லாம் வெளக்கிட்டு வந்துட்டேன். கண்டி ராசா காலத்து வீடுன்னு."

"கட்டி ஆறு வருஷம்."

"அது எனக்கெப்படித் தெரியும்? நீங்கல்ல முந்தியே சொல்லியிருக்கணும்."

பெரியவர் அதற்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டார். கரூரிலிருந்து வந்திருந்தார்கள். அவர் சௌந்தரபாண்டியன், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி வசுமதி.

"கியூரேட்டர் நீங்கதானா?"

அர்கம் ஒன்றும் சொல்லவில்லை.

"பாத்தியா வசு? அதிகம் பேச மாட்டார்னு ரிவ்யூல போட்டிருக்கு. கரெக்டா இருக்கு." அவர் உள்ளே வந்தார். "தமிழ்ல ஒரு கட்டுரை படிச்சோம் தம்பி, அதுலதான் இந்த இடமே தெரிஞ்சது. எழுதினவன் நேர்ல வந்து உக்காந்து ரசிச்சு எழுதியிருக்கான்!"

அவர்கள் பார்த்தார்கள். மாளிகாவையில் எப்படிப் பார்த்திருப்பார்களோ அப்படியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று பார்த்தார்கள். அரைத் திரைச்சீலைக்கு முன்னால் அதிக நேரம் நின்றார்கள்.

"மாடர்ன் ஆர்ட்," என்றார் சௌந்தரபாண்டியன்.

"இந்தத் தேங்காயெண்ணெய் பாட்டில் எந்தக் காலத்தது?" வசுமதி கேட்டார்.

"போன வருஷம்."

"ஓ. சமகாலம்."

அந்த நேரத்தில்தான் வேன் வந்தது. ஆஸியா உம்மா முந்தானையைச் சரிசெய்தபடி இறங்கினார். பின்னால் அவர் மகன் ஷப்ராஸ், மடித்த அட்டைப் பெட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

"என்ன மச்சான், கலியாண வீடா?"

ஆஸியா உம்மா யாரையும் பார்க்கவில்லை. வந்த வேலையைப் பார்க்கிறவர். நேரே அறைக்குள் போய்ச் சீப்பை எடுத்தார்.

"அம்மா! தொடாதீங்க!" சௌந்தரபாண்டியன் பாய்ந்து வந்தார். "அது காட்சிப்பொருள்!"

"என்ன பொருள்?"

"எக்ஸிபிட். கையெல்லாம் வெக்கக் கூடாது. தம்பி, நீங்க சொல்ல மாட்டீங்களா?"

"இது ஏன்ட மகள்ட சீப்பு!"

"அய்யா, இவங்கதான் அவங்க தாயாரு," என்றான் சந்திரகுமார், மேடையில் அறிவிக்கிற குரலில்.

வசுமதி இரண்டு கைகளையும் கூப்பினார். சௌந்தரபாண்டியன் தொப்பியைக் கழற்றினார். "அம்மாவே வந்திருக்காங்க," என்று மனைவியின் காதில் சொன்னார். "கட்டுரையில இது இல்ல." பிறகு, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டார்.

ஆஸியா உம்மா மருமகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அவர் சீப்பை எடுத்த இடத்திலேயே வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றார். படம் எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை.

"இது மாடன் ஆட்டும் இல்ல, ஒண்டும் இல்ல. சோம்பேறித்தனம். நாளைக்குத் தைக்கிறன், நாளைக்குத் தைக்கிறன் எண்டு சென்னா. அடுத்த பக்கத்துத் துணி மெஷினுக்குக் கீழ சுருட்டி ஈக்கி, வந்து பாருங்கோ. ஷப்ராஸ், எங்க கொண்டு போற அத?"

"நீங்கதானே உம்மா எடுக்கச் சென்னீங்க."

"அங்கயே வை. இவங்க இன்னும் பாக்கல்ல."

ஷப்ராஸ் தலையணை உறையைத் திரும்ப ஊசிக்கடியில் செருகினான். நேராக வரவில்லை. தாய் வந்து அவன் கையில் ஓர் அடி போட்டுவிட்டு, சரியாக வைத்தார்.

சௌந்தரபாண்டியன் றுமைஸாவின் மதிப்புரையைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். கேட்டால் தேத்தண்ணீர் தருவார், ஆனால் கேட்க வேண்டும். ஆஸியா உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அவட வாய்!" என்றார். "மாப்பிளட்டக்கூட அடக்கமில்லாத வாய்." அவர் சிரித்ததை அர்கம் நீண்ட நாளைக்குப் பிறகு பார்த்தான். யாரும் கேட்காமலே போய்க் கேத்தலை வைத்தான்.

வசுமதி குளியலறைக்குப் போனார். உள்ளிருந்து, தண்ணீர் வரவில்லை என்று குரல் கொடுத்தார். வந்தவர்கள் எல்லாரும் கால் கழுவிச் சின்னத் தொட்டி காலியாகியிருந்தது. அர்கம் மோட்டரைப் போட்டான்.

தேத்தண்ணீர் குடிக்கையில் வசுமதி மெல்லக் கேட்டார். "பொண்ணு எப்படிம்மா..."

ஆஸியா உம்மா கோப்பையைக் கீழே வைத்தார்.

"தல நோவுது எண்டு போய்ப் படுத்தா. தலைக்குள்ள நரம்பு வெடிச்சாம், டொக்டர்மார் சென்ன. ஒரு கஷ்டமும் படல்ல. மூணு தரம் கலிமா சென்னா. வெரல உயத்தினா. சிரிச்ச மொகத்தோட போனா."

வசுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்திரகுமாரும் துடைத்துக்கொண்டான்.

அர்கம் கேட்டுக்கொண்டிருந்தான். சாகும்போது நாவில் வரவேண்டும் என்கிற அந்தக் கலிமா, மையத்து வீட்டில் ஒரு தரமாக இருந்தது. நாற்பதாம் நாள் கத்தத்தில் மூன்று தரமாயிற்று. விரல் இன்றைக்குப் புதிது. அன்று வீட்டில் இருந்தது அவன் ஒருவன்தான். என்ன நடந்தது என்று எல்லாரும் அவனைத்தான் கேட்டார்கள். அவன் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தை மாமி நிரப்பிக்கொண்டார்.

"நீங்க கூட இருந்தீங்களா தம்பி?" வசுமதி அவன் பக்கம் திரும்பினார்.

"இருந்தேன்."

"அவங்க குடுத்து வெச்சவங்க."

அவர்கள் புறப்பட்டார்கள். நினைவுப்பொருள் விற்கிற கடை எங்கே என்று சௌந்தரபாண்டியன் கேட்டார். இல்லை என்றதும், வைத்தால் நன்றாக ஓடும் என்று வங்கிக்காரராகச் சொன்னார். த்ரீவீல் சந்தி திரும்புவதற்குள் ஷப்ராஸ் கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தான்.

"போட்டுட்டாரு மச்சான். 'சிறப்பான பராமரிப்பு. வழிகாட்டும் அம்மா பிரமாதம். பாத்ரூமில் தண்ணீர் வரத் தாமதம். அதற்காக ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.'"

"பெட்டியெல்லாம் வேனுக்குக் கொண்டு போ," என்றார் தாய்.

"வெறும் பெட்டியா?"

"வெறும் பெட்டிதான். போ. வேனுக்குள்ளயே இரி."

அவன் போனான். ஆஸியா உம்மா மேசைக்குப் பக்கத்தில் இருந்த அவன் கதிரையில் அமர்ந்தார். திரைச்சீலை இல்லாத பக்கத்தால் வந்த வெயில் அவர் கண்ணில் அடித்தது. கையால் மறைத்துக்கொண்டார், கதிரையை நகர்த்தவில்லை.

"மகன், நான் ஒண்டும் எடுக்கல்ல. சீப்பு, மெஷின், உடுப்பு, எல்லாம் கெடக்கட்டும். இனி வேன் கொண்டு வாறதும் இல்ல. எனக்கு ஒண்டு மட்டும் தாங்க."

"என்ன மாமி?"

"அவ கடைசியா என்ன சென்னா?"

"நீங்கதானே சென்னீங்க. கலிமா."

"அது நான் செல்றது." அவர் கோபப்படவில்லை. "எனக்கு ஒரு ஆளும் ஒண்டும் தரல்ல. கையில ஒண்டும் இல்லாம சனத்துக்கு முன்னால ஈக்க ஏலா. நானா எடுத்துக்கிட்டன். இப்ப அவ சென்னத்தத் தாங்க. நல்லதா ஈக்க வேணும் எண்டில்ல."

தொட்டி நிரம்பிவிட்டது. தகரத்தில் தண்ணீர் கொட்டியது. முற்றத்துச் சீமெந்தில் விழுந்து வாசல்வரைக்கும் ஓடியது. அர்கம் அசையவில்லை.

"தம்பி, மோட்டர்!" மதிலுக்கு மேலால் டீச்சரின் குரல்.

அவன் எழுந்தான். திரும்ப அமர்ந்தான்.

"கலிமா இல்ல மாமி."

"தெரியும்."

"ஏசினா."

"ஏசட்டும். செல்லுங்க."

"நீங்க ஈக்கிற இந்தக் கதிரையிலதான் நான் ஈந்தேன். ஐஸ்லாந்தப் பத்தி எழுதிட்டு. அவ உள்ள படுத்திருந்தா. தல நோவுது எண்டு முந்தியே சென்னா, நான் பனடோல் குடுத்திருந்தேன். தூங்குறா எண்டுதான் நெனச்சேன். அப்ப உள்ளால இருந்து கத்தினா."

"எப்பிடிக் கத்தினா? அப்பிடியே செல்லுங்க."

டீச்சர் மறுபடி கூப்பிட்டார். தண்ணீர் இப்போது படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அர்கம் தொண்டையைச் செருமினான். அவள் குரல் ஏறிய இடத்தில் ஏற்றி, இழுத்த இடத்தில் இழுத்து, ஒரு சொல்லும் விடாமல் சொன்னான்:

"மோட்டரப் போட்டுட்டு நீங்க எந்த நாட்டுல ஈக்கிறீங்க? தண்ணி வழியிது, போய் நிப்பாட்டுங்க!"