க்ளென் நடத்திய நம்பிக்கைப் பாடம்

க்ளென் பூர்ஸ்மா பேரைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். நல்ல மனுஷன் என்றுதான் ஊரே சொல்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். பெயின்ட் கடை வைத்திருக்கிறான். பனி கொட்டினால் அக்கம்பக்கத்து வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுவான். என் புருஷன் ஹார்லனுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து சிநேகிதன், எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். வேறு யாராவது செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

மிச்சிகனில் எங்கள் ஊர்ச் சபையில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காபியை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்குவோம். அங்கே பெரியவர்களுக்கு வேதபாடம் நடக்கும். நடத்துகிறவன் க்ளென். ரோமர் நிருபத்தை எடுத்தால் ஆறு பேர் வருவோம், அதில் இரண்டு பேர் தூங்குவார்கள். பார்த்தான். அப்போது எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்த ஒரு விண்வெளித் தொடரையே பாடமாக்கிவிட்டான்.

கதை இதுதான். பனிக் கோள் ஒன்றில் கப்பல் உடைந்துவிடும். கேப்டன் ஓரன் என்கிறவன் பயணிகளையெல்லாம் கண்ணாடிப் பெட்டிகளில் உறைய வைத்துத் தூங்கப்பண்ணிவிட்டு, "உங்களைக் கூட்டிப்போக வருவேன்" என்று சொல்லி உதவி தேடிக் கிளம்புவான். வாரத்துக்கு ஒரு தடை வரும், அதைத் தாண்டுவான்.

க்ளெனுக்கு இது போதாதா? பெட்டியில் தூங்குகிறவர்கள் இறந்து கர்த்தருக்குள் நித்திரையடைந்து, எழுப்பப்படக் காத்திருக்கிறவர்கள், கேப்டன்தான் திரும்பி வரப்போகிற இரட்சகர், பெட்டி மேல் எரிகிற பச்சை விளக்கு நம் நம்பிக்கை. வெள்ளைப் பலகையில் படம் போட்டு வாய் கிழியப் பேசுவான். கீழ்த்தளத்தில் நாற்காலி பத்தவில்லை. சபைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத பிள்ளைகள்கூட வந்து உட்கார்ந்தார்கள்.

மிஸஸ் ஸ்வியர்ஸ்மா மட்டும் ஒரு தடவை கையைத் தூக்கி, "அந்த இரட்சகர் ரொம்பக் கெட்ட வார்த்தை பேசறாரே, க்ளென்?" என்று கேட்டார்.

"ரெண்டாம் சீசன்ல திருந்திடுவாரு," என்றான். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

தொடரே இன்னும் முடியவில்லையே, அதற்குள் முடிவை வைத்துப் பாடம் நடத்துகிறானே என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எதைப் பார்த்தாலும் அதில் சுவிசேஷத்தைக் கண்டுபிடித்துவிடுவது எங்கள் ஜனங்களுக்குக் கைவந்த கலை.

இப்படி நாலு வருஷம் ஓடியது. நாலாம் வருஷம் இலை உதிர்கிற சமயத்தில் ஹார்லனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கிறிஸ்துமஸ் வருவதற்குள், இனி மருந்து வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். முன்னறையில் வாசல் தெரிகிற மாதிரி கட்டிலைப் போட்டோம். கடைசியாக அவர் வகுப்புக்கு வந்த அன்று, க்ளென் எல்லோர் முன்னாலும் அவர் தோளில் கை போட்டான்.

"கடைசி எபிசோடு உன் வீட்டுலதான்டா. அதுக்கப்புறமும் உன்னை விட மாட்டேன். கடைசி வரைக்கும் தினமும் வந்து பக்கத்துல உக்காந்திருப்பேன்."

"பாப்கார்ன் யார் வாங்கறது?" என்றார் ஹார்லன்.

"சாகப்போறவன்கிட்ட யாருடா காசு கேப்பா? ஓசில தின்னு."

இவர்கள் பேச்சு எப்போதும் இப்படித்தான் இருக்கும். ஹார்லன் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைசி எபிசோடுக்கு க்ளென் வந்தான். அதை நான் மறைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மடியில் பாப்கார்னோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்தக் கேப்டன் கப்பலைத் திருப்பவே இல்லை. வேறொரு கோளில் எவளோடோ குடித்தனம் தொடங்கிவிட்டான். பனிக் கோளில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அதோடு முடிந்தது.

க்ளென் முகத்தில் ஈயாடவில்லை. ஹார்லன் சிரித்தார். சிரித்தால் அவருக்கு வயிறு பிடுங்கும், இருந்தும் சிரித்தார்.

"இந்தப் பயலை நம்பியாடா நாலு வருஷம் பலகையில படம் போட்ட?"

"காலைல கடை திறக்கணும்," என்று சொல்லிக் கோட்டை மாட்டிக்கொண்டு போனவன்தான். திரும்ப வரவில்லை.

வேதபாடத்தையும் நிறுத்திவிட்டான். போனில் 'ஜெபிக்கிறேன்' என்று செய்தி வரும். ஒரு நாள் அவன் மனைவி கோழிக் கறி கேசரோல் சமைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் காரை விட்டு இறங்கவில்லை. ஹார்லன் ஜன்னல் வழியாகக் கையை அசைத்தார். அவன் தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானே கூப்பிட்டுக் கேட்டால், "நாளைக்குக் கண்டிப்பா வர்றேன், டார்லா," என்பான். வெட்கம் கெட்டவள், அதை நம்பி ஹார்லனிடம் போய்ச் சொல்வேன்.

"க்ளென் வர்றானா? அப்ப முகத்தை மழிச்சு விடு. தாடியோட பாத்தா ஓட்டியே கொன்னுடுவான்."

ஒட்டிப்போன கன்னத்தில் ரேசரை வைக்கவே எனக்குப் பயமாக இருக்கும். மழித்து, துடைத்து, சட்டை மாற்றி, தலையணையை அண்டக்கொடுத்து உட்கார வைப்பேன். இருட்டும் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு, "கடையில கூட்டமா இருக்கும்," என்பார். ஜனவரி மாதம் எங்கள் ஊரில் எவன் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறான்?

அப்புறம் மழித்துவிடச் சொல்வதை அவரே நிறுத்திவிட்டார். பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார்.

அடக்கத்தன்று காலை சபையின் கீழ்த்தளச் சமையலறையில் பெண்கள் சாப்பாட்டுக்காகப் பன்னில் ஹாம் இறைச்சித் துண்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். போய் உட்கார் என்று என்னைத் துரத்தினார்கள். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நானும் பன்களை வெட்டிக்கொண்டிருந்தேன். க்ளென் உள்ளே வந்தான். கறுப்புக் கோட்டு, கையில் மடித்த காகிதம். அவனைப் பார்த்ததும் மற்றவர்கள் வெளியே நகர்ந்தார்கள்.

"இன்னைக்கு நான் ரெண்டு வார்த்தை பேசட்டுமா, டார்லா? பாஸ்டர் உன்னைக் கேக்கச் சொன்னாரு."

"என்ன பேசப் போற?"

"அந்தக் கடைசி எபிசோடைப் பத்தித்தான். ரொம்ப யோசிச்சேன். அந்தக் கேப்டன் ஏமாத்திட்டான், நம்ம ஆண்டவர் ஏமாத்த மாட்டாரு. பாடம் அதுதான்னு இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது."

கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. நல்ல பாடம்தான், சபையே அழுதிருக்கும். நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஏன் வரல, க்ளென்?"

காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவன் மூஞ்சில முழிக்க முடியல. நம்பிக்கை நம்பிக்கைன்னு நாலு வருஷம் சொல்லிட்டு, சாகக் கிடக்கறவன் முன்னாடி அப்படி ஒரு முடிவு. அவன்கிட்ட போய் நான் என்னத்தச் சொல்ல?"

"உன்னை யாரு சொல்லச் சொன்னா? அவரு நம்பிக்கை டிவிலயா இருந்துச்சு? அன்னைக்குச் சிரிச்சாரே, நீ பாக்கல? பாடம் நடத்தவா கூப்பிட்டாரு? வந்து பக்கத்துல உக்காருன்னுதானே கேட்டாரு."

"என் மேல கோவமாவா போனான்?" என்றான்.

"கோவப்பட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும். ஒரு நாளும் உன்னை விட்டுக் கொடுக்கல."

தேம்பிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடிக்க வந்தான். நான் பன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"நீ பேச வேண்டாம். எல்லாரோடயும் போய் உக்காரு."

"மன்னிக்கவே மாட்டியா, டார்லா?"

மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை தடவை என்று எண்ணிப் பார்க்காமல் மன்னி என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். அன்றைக்கு எனக்கு அது வரவில்லை.

"கல்லறையெல்லாம் திறக்கிற நாள் ஒண்ணு வரும்னு நான் நம்பறேன், க்ளென். நீ பலகையில வரைஞ்சு காட்டினதால இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியிருந்தே நம்பறேன். அன்னைக்கு ஹார்லன் எழுந்து வந்தா முதல்ல உன்னைத்தான் தேடுவாரு. பாத்ததும் ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்குவாரு. ஏன் வரலைன்னுகூடக் கேக்க மாட்டாரு. நான் பக்கத்துல நின்னு அதைப் பாத்துக்கிட்டிருக்கணும். அதை நெனச்சாத்தான் எனக்குத் தாங்கல."

க்ளென் காகிதத்தைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு மாடிப்படி ஏறினான். மேலே ஆர்கன் வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன்.