ஈரச்சேலை கட்ட மாட்டேன்

கூட்டத்தில் இருந்தவர்கள்: கோயில் வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் விழாக்கமிட்டித் தலைவர் சந்தனம் மாமா. அவருக்கு வலப்பக்கம் செயலாளர் பொன்ராஜ். உண்டியல் ஓரமாக என் மாமியார் பெத்தம்மாள். தூணில் சாய்ந்து, கன்னத்தைத் துண்டால் மூடியபடி என் வீட்டுக்காரர் மதன்குமார். எனக்கு யாரும் இடம் சொல்லவில்லை. நானாகவே நடுவில், அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

பங்குனிப் பொங்கலுக்கு என் வீட்டுக்காரர் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டார். வருசாவருசம் திருநீறு பூசினாலே ஆறிவிடுகிற காயம். இந்த வருசம் சீழ் வைத்து, ஈறு வரை வீங்கிவிட்டது. சாமி குத்தம் என்றார்கள். குத்தம் யார் மேல்? விரத வீட்டில் சுத்தம் பார்க்காத பொண்டாட்டி மேல்.

"ஈரச்சேலையோட கோயிலச் சுத்தி வந்து, சபையில விழுந்து எந்திரி. அம்புட்டுத்தான். இதுல என்ன கொறஞ்சு போகுது?" என்றார் சந்தனம் மாமா.

"ஒண்ணும் கொறையாதுன்னா நீங்களே ஒரு சுத்து சுத்தி வாங்க மாமா. சேலை நான் தாரேன்."

பொன்ராஜுக்குச் சிரிப்பு வந்து, இருமி மறைத்தார். "வாயக் கொறை ஆத்தா" என்றார் மாமியார்.

அருப்புக்கோட்டைப் பல் டாக்டரிடம் காட்டிவிட்டு வரும்போது, அவர் சொன்னதைச் சபையில் சொல்கிறேன் என்று பஸ்ஸில் சத்தியம் பண்ணிய என் வீட்டுக்காரர், தூணை விட்டு அசையவில்லை. நானே மடியிலிருந்து அந்தச் சாமானை எடுத்து வைத்தேன். பேனா மாதிரி இருக்கும், மாம்பழ வாசம் அடிக்கும். விரதத்துக்காகச் சிகரெட்டை விட்டவர், பந்தல்குடியில் லாரி ஓட்டும் சிநேகிதரிடம் 'வேப்' என்கிற இந்த எலக்ட்ரானிக் சிகரெட்டை வாங்கி, காப்புக் கட்டிய நாளிலிருந்து ஊதியிருக்கிறார். நெருப்பு இல்லை, வெறும் ஆவி, விரதத்தில் சேராது என்பது அவர் கணக்கு.

"காயம் ஆறணும்னா அங்க ரத்தம் போகணும், கிருமியோட சண்டை போடுற அணுக்கள் போகணும். இதுல இருக்க நிகோடின் ரத்தக்குழாயச் சுருக்கிருது, அந்த அணுக்களையும் மந்தமாக்கிருதுன்னு டாக்டர் சொன்னாக. சிகரெட்டுல ஏற்கெனவே ஈறு பல்ல விட்டு விலகிக் கெடக்கு. இதுல என் சேலைக்கு என்ன வேலை?"

"டாக்டருக்கு அம்மனப் பத்தி என்ன தெரியும்?"

"அம்மனுக்குத் தெரியும்ல மாமா, ஊதுனது யாருன்னு?"

சந்தனம் மாமா துண்டை உதறி எழுந்தார். "எழுதிக் குடு. கமிட்டி பாக்கும்." எழுத மாட்டேன் என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் எழுதினேன். ஈரச்சேலை கட்ட மாட்டேன். என் மேல் போட்ட பழி தப்பு என்று கோயில் மைக்கில் சொல்ல வேண்டும். அடுத்த பங்குனியில், அலகு குத்துகிறவர்கள் பீடி, சிகரெட்டு, வேப் எதையும் தொடக் கூடாது என்று காப்புக் கட்டும்போதே அதே மைக்கில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டு, அடியில் இடம் விட்டு வீட்டுக்காரரிடம் நீட்டினேன்.

"ஊருக்குள்ள எப்புடிடி தலை காட்ட?" வாயைத் திறக்க முடியாமல் முனகினார்.

"கன்னத்துல வேலு குத்துறப்ப வலிக்கல. பேனா பிடிக்க வலிக்குதாக்கும்?"

பேனாவை வாங்கினார். பிறகு, 'ஊதியது நான்தான். அவள் மேல் குற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கோயில் கூப்பிடுகிற தூரம்தான். ஆனால் கையில் கொடுத்தால், வரவே இல்லை என்பார்கள். சோற்றுப் பருக்கையை நசுக்கி உறையை ஒட்டினேன். பரளச்சி தபாலாபீசில் பதிவுத் தபாலாக்கி, ரசீதை மடியில் முடிந்துகொண்டேன்.