ஒரு அளவு பெரிய சுவெற்றர்

பிராண்டேக்குப் போகும் பஸ் பகல் பன்னிரண்டேகாலுக்கு. தவராஜா காலையிலிருந்தே கண்ணாடிக்கு முன்னால் நின்றான்.

மெலிந்த உடம்பு. எதைச் செருகினாலும் வெளியே தெரிந்தது. பிஸ்ரலை முன்னிடுப்பில் வைத்தால் குனியும்போது பிடி சட்டையைத் தூக்கியது. முதுகில் வைத்தால் இன்னொரு எலும்பு முளைத்தது போல இருந்தது. ஜாக்கெற்றுக்குள் ஒன்றும் தெரியாது. ஆனால் டென்மார்க்கில் எந்த வீட்டுக்குள் போனாலும் சூடு. ஜாக்கெற்றைக் கழற்றாதவனை எல்லோரும் பார்ப்பார்கள்.

அவன் ஹோர்சன்ஸில் பன்றி அறுக்கும் ஆலையில் வேலை செய்தான். இடுப்பு நோகாமலிருக்க அங்கே கொடுக்கும் அகலமான இலாஸ்ரிக் பட்டியை வயிற்றில் சுற்றினான். பிஸ்ரலை அதற்குள் சாய்த்துச் செருகி, பாரத்தை ஜீன்ஸ் பெல்ற் தாங்கும்படி விட்டான். மேலே பழைய உடுப்புக் கடையில் வாங்கிய சுவெற்றர். ஒரு அளவு பெரியது. வெற்று நிறத்தில் நல்லது ஒன்று கிடந்தும், பனிப்பூவும் கோடுகளுமாகப் பின்னியதைத்தான் எடுத்திருந்தான். பூவுக்குள் மேடு தெரியாது.

கையைத் தூக்கினான். கதிரையில் இருந்தான். எழும்பினான். மறுபடி இருந்தான். கண்ணாடியில் கொஞ்சம் தொப்பை வைத்த ஒருவன் இருந்து எழும்பினான்.

சுடப் போவது குணசேகரத்தை. ஊரில் ஓர் இயக்கத்தின் பகுதிப் பொறுப்பாளராக இருந்தவன். எண்பத்துநாலில் தவராஜாவின் தம்பி உருத்திரனை வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனவர்கள் அவனுடைய ஆட்கள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். மறுநாள் விடிய, உருத்திரன் சந்தி லைற் போஸ்ற்றில் நின்றான். அவிழ்க்கப் போனது தவராஜாதான். நைலோன் கயிறு மணிக்கட்டுச் சதைக்குள் இறங்கியிருந்தது. கத்தியை உள்ளே விட்டு அறுக்க வேண்டியிருந்தது. ஒரு கண் இருந்த இடத்தில் ஈ மொய்த்தது. கழுத்தில் தொங்கிய மட்டையில் ‘துரோகி’ என்று எழுதியிருந்தது. நல்ல கையெழுத்து.

போன மாதம் ஆலையில் ஒருவன் எஸ்பியர்க்கில் நடந்த கலியாணப் படங்களைக் காட்டினான். ஒரு படத்தின் ஓரத்தில் குணசேகரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிராண்டேயில் இருக்கிறான் என்றான் படம் காட்டியவன். தவராஜா எஸ்பியர்க் துறைமுகத்தில் ஒரு மாலுமியிடம் பிஸ்ரல் வாங்கினான். குணசேகரம் அவனைக் கண்டதில்லை. அது ஒன்றுதான் வசதி.

பஸ்ஸால் இறங்கி நடந்தான். வழியெல்லாம் உருகிய பனி. முழங்கால் வரை ஜீன்ஸ் ஊறிவிட்டது. மூன்றாம் மாடியில் மணியை அழுத்தினான்.

"ஆர்?" பெண் குரல்.

"தமிழ்தான் அக்கா. ஹோர்சன்ஸிலையிருந்து வாறன். இஞ்சை தமிழாக்கள் இருக்கினமெண்டு கேள்விப்பட்டன்."

அது போதும். அந்த வருடங்களில் அதற்குமேல் எவரும் கேட்டதில்லை. கதவு திறந்தது. குணசேகரத்தின் மனைவி பரமேஸ்வரி.

"என்னப்பா, தமிழ்ப் பொடியன் ஒண்டு வந்திருக்கு."

குணசேகரம் இடுப்பில் கட்டிய சாரத்தோடு வந்தான். தலையில் கம்பளித் தொப்பி, கையில் பாதி உரித்த வெங்காயம்.

"ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடிச்சு வந்திருக்கிறீர். ஒண்டில் விசர். இல்லாட்டிச் சோத்துப் பசி."

"ரண்டும்தான் அண்ணை."

குணசேகரம் சிரித்தான். ஜாக்கெற்றை வாங்கிக் கொழுவினான். தவராஜா குனியாமல், ஒரு காலால் மற்றக் குதியை மிதித்துச் சப்பாத்தைக் கழற்றினான். சுவெற்றரை யாரும் பார்க்கவில்லை.

உடனே சுடலாம் என்று நினைத்திருந்தான். பரமேஸ்வரி இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். அவள் ஒரு சாரத்தை நீட்டினாள்.

"காலெல்லாம் ஈரம். இதைக் கட்டிக்கொண்டு ஜீன்ஸைத் தாரும். ஹீற்றரிலை போட்டுவிடுறன்."

"வேண்டாம் அக்கா."

"என்ன வேண்டாம்?"

"காஞ்சிடும்."

"நெஞ்சிலை சளி பிடிச்சாப் பிறகு ஆர் பாக்கிறது? கூச்சப்படாதையும். இவரின்ரை சாரம்தான், தோய்ச்சது." அவன் தோளில் போட்டுவிட்டாள்.

எல்லாம் பழகியிருந்தான். சாரத்தை நினைக்கவில்லை. வந்தவனுக்குச் சாரம் கொடுக்காத வீடு எங்கே இருக்கிறது? அவன் இத்தனை நாளும் டென்மார்க்காரன் வீட்டுக்குப் போவது போலப் பழகியிருந்தான்.

கக்கூசுக்குள் ஜீன்ஸைக் கழற்றினான். பெல்ற் போனதும் பிஸ்ரல் கீழே சரிந்தது. பட்டி வியர்வையில் நெகிழ்ந்திருந்தது. அதை மூச்சு முட்டும்வரை இறுக்கி, மேலே சாரத்தைச் சுருட்டிச் செருகினான். ஓரடி நடந்தான். சரிந்தது. முழங்கையால் அமத்திக்கொண்டு வெளியே வந்தான்.

வீட்டில் கதிரை இல்லை. நகரசபையான கொம்யூன் கொடுத்த மெத்தை இரண்டு சுவரோரம் கிடந்தன. நிலத்தில் பேப்பர் விரித்துச் சோறு போட்ட கோப்பைகள் வைத்திருந்தார்கள். பரமேஸ்வரி குசினிக்குள் அப்பளம் பொரிக்கப் போனாள்.

"இரும் தம்பி." குணசேகரம் சப்பாணி கட்டி இருந்தான்.

தவராஜா ஒரு கையை ஊன்றி மெல்ல இறங்கினான். குழல் தொடையிடுக்கில் குத்தியது. சுவெற்றர் மேலே ஏறியது. இழுத்துவிட்டான்.

"என்ன, பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்கிறீர்?"

"நாரிப்பிடிப்பு அண்ணை. பன்றி தூக்கிற வேலை."

"இந்த வயசிலை நாரிப்பிடிப்போ? கலியாணம் கட்டினாப் பிறகு என்ன செய்யப்போறீர்?" குணசேகரம் அவனுக்குப் பின்னால் நகர்ந்து வந்தான். "எங்கை, இதிலையோ?"

தவராஜா விலகுவதற்குள் பெருவிரல் முள்ளந்தண்டில் அழுந்தியது. பட்டியில் தட்டுப்பட்டது. பட்டியோடு விலாவுக்குப் போனது. அங்கே நின்றது.

கை மெல்லத் திரும்பிப் போனது. குசினியில் எண்ணெய் சீறியது.

"சாரத்துக்கை சாமான் நிக்காது தம்பி." குணசேகரம் அவன் காதுக்குள் பேசினான். "நான் ரண்டு வருசம் கட்டித் திரிஞ்சனான். ஒரு கையாலை பொத்திப் பிடிச்சுக்கொண்டுதான் நடக்கிறது. ஓதம் வீங்கினவன் எண்டு ஊர்ப் பெட்டையள் சிரிப்பாளவை."

தவராஜா திரும்பவில்லை.

"ஆர் அனுப்பினது?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை."

"அப்ப சாப்பிட்டிட்டுப் போம். அவளுக்கு ஒண்டும் தெரியாது."

தவராஜா கையைச் சுவெற்றருக்குள் விட்டான். அதே நேரம் குணசேகரத்தின் முழங்கை அவன் கழுத்தைச் சுற்றியது. இருவரும் சோற்றுக்குள் சரிந்தார்கள். குணசேகரத்தின் மற்றக் கை பட்டியைப் பிடித்து முறுக்கியது. பிஸ்ரல் பட்டிக்குள் சுற்றிக்கொண்டது. தவராஜாவுக்கு மூச்சு வரவில்லை. பின்னந்தலையால் இடித்தான். எலும்பு உடையும் சத்தம் கேட்டது. மூக்கு. சூடான இரத்தம் அவன் பிடரியால் இறங்கியது. ஆனால் முழங்கை இறுகிக்கொண்டே இருந்தது. ஆலையில் கொக்கியில் தொங்கும் பன்றி உதறுவது போல அவன் உதறினான். சாரம் அவிழ்ந்து காலில் சிக்கியது.

பிஸ்ரலை வெளியே எடுக்க முடியவில்லை. அப்படியே பின்பக்கம் திருப்பி விசையை இழுத்தான்.

பெரிய சத்தமில்லை. கம்பளியும் இரண்டு உடம்புகளும் அதைத் தின்றுவிட்டன. தவராஜாவின் விலாத் தோல் பொசுங்கியது. கழுத்தில் இருந்த முழங்கை தளர்ந்தது.

அவன் உருண்டு எழும்பினான். சுவெற்றரில் கருகிய ஓட்டை புகைந்தது. பட்டியைப் பிய்த்துப் பிஸ்ரலை எடுத்தான். குணசேகரம் வயிற்றைப் பொத்தியபடி சுவரைப் பார்த்துத் தவழ்ந்தான். தவராஜா அவனை மல்லாத்தி, பிடியால் வாயில் அடித்தான். பல் கோப்பைக்குள் விழுந்தது. இன்னொரு முறை அடித்தான். கன்னம் உள்ளே போனது. மூன்றாவது அடிக்குக் கை ஓங்கியபோது முதுகில் நெருப்பு விழுந்தது.

பரமேஸ்வரி. அப்பளம் பொரித்த தாச்சியோடு நின்றாள். எண்ணெய் சுவெற்றரில் ஊறி இறங்கியது. அவன் அலறிக்கொண்டு திரும்பி, அவள் நெஞ்சில் காலால் உதைத்தான். அவள் கதவில் மோதி விழுந்தாள். தாச்சி உருண்டது. எழும்பி மறுபடி வந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவனைக் கடந்துபோய்ப் புருஷனுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். நிலத்தில் கிடந்த சாரத்தை எடுத்துச் சுருட்டி வயிற்றில் அமத்தினாள். சிவப்பு அவள் விரல்களுக்குள்ளால் வந்தது.

"அண்டைக்கே சொன்னனீங்கள்," அவள் முணுமுணுத்தாள். "ஆர் வந்தாலும் கதவைத் திறவாதையெண்டு சொன்னனீங்களே. நான்தான் திறந்தனான். நான்தான்."

கீழ்வீட்டில் யாரோ கூரையில் தடியால் தட்டினார்கள். சத்தம் போடாதே என்பதற்கு இங்கே அப்படித்தான் தட்டுவார்கள்.

தவராஜா ஜட்டியோடு நின்றான். முதுகுத் தோல் சுவெற்றரோடு ஒட்டியிருந்தது. பிஸ்ரலை இரண்டு கைகளாலும் பிடித்து, குணசேகரத்தின் கண்ணுக்கு நேரே நீட்டினான். இதற்காகத்தான் வந்தது. ஆனால் அந்தக் கண் அவனை அடையாளம் காணவேண்டும். தெரியாமல் செத்துப்போனால் அது பாதிக் காரியம்.

"என்னைப் பார்."

குணசேகரம் பார்த்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"நான் உருத்திரன்ரை அண்ணன்."

ஒன்றும் மாறவில்லை. அந்த முகத்தில் பயம் இருந்தது, நோவு இருந்தது. பெயர் போய் எங்கும் படவில்லை.

"என்ரை தம்பி. இருபது வயசு. லைற் போஸ்ற்றிலை கட்டிச் சுட்டனீ. கழுத்திலை மட்டை கட்டினனீ."

குணசேகரம் வாயிலிருந்த இரத்தத்தை விழுங்கினான். நெற்றியைச் சுருக்கினான். உண்மையாகவே நினைவுபடுத்தப் பார்த்தான். சாகப்போகிறவன் பொய் சொல்லும் முகமாக அது இல்லை. பரமேஸ்வரியும் சாரத்தை அமத்தியபடி புருஷனின் வாயையே பார்த்தாள்.

"எந்தச் சந்தியிலை, தம்பி?"