பெரில் கோபித்துக்கொள்ளவில்லை

1

இந்தக் கதை ஒரு வினைச்சொல்லிலிருந்து பிறந்தது. அதை மறைத்து, ஏதோ ஒரு மழைநாளில் தானாக மனதில் உதித்தது என்று சொல்ல எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை.

மதுரையில் கல்லூரியில் பாடம் நடத்தும் என் நாத்தனார் மகள் தாமரை போனில் கேட்டாள்: "அத்தை, ஆங்கிலத்துல 'அஃபெண்ட்'னு ஒரு சொல் இருக்குல்ல? அகராதியில 'புண்படுத்து', 'மனம் நோகச் செய்'னு போட்டிருக்கு. பசங்களுக்கு அது பத்தல. நீங்க யார்க்‌ஷயர்லயே குடியிருக்கீங்க. அங்க இங்கிலாந்துக்காரங்க அதை எப்படிப் புழங்குறாங்க? ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்களேன்."

ஒரு வாக்கியம்தானே என்று உட்கார்ந்தேன்.

கிளைவ் பெரிலைப் புண்படுத்தினார்.

இல்லை. கிளைவ் யாரையும் புண்படுத்தக்கூடியவர் இல்லை.

கிளைவ் செய்ததை அவமதிப்பாக எடுத்துக்கொண்ட பெரில், அன்று முதல் அவரிடம்

இதுவும் சரியில்லை. எடுத்துக்கொண்டதாகப் பெரில் ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் இந்த வினைச்சொல்லை 'இல்லை' சேர்த்துத்தான் நான் கேட்டிருக்கிறேன். "நான் ஒண்ணும் அஃபெண்ட் ஆகலை" என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் மெதுவாக ஓரடி பின்வாங்குவார்கள்.

ஆகவே ஒரு வாக்கியம் போதாது. கதையாகவே எழுதிவிடுகிறேன்.

2

கிளைவ் சட்க்ளிஃப், பெரில் ஹோல்ராய்ட். இருவரும் எனக்கு எதிர்வீட்டுக்காரர்கள். ஒரே கட்டடம், நடுவில் ஒரு சுவர், இரண்டு குடித்தனம். கிளைவ் உள்ளூர் கிரிக்கெட் மைதானத்துப் புல்லைப் பராமரித்து ஓய்வுபெற்றவர். பெரில் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அவருக்கு மனைவி இல்லை. இவருக்குக் கணவர் இல்லை. தினமும் காலையில் பெரில் நடுச்சுவரைத் தட்டுவார். கிளைவ் எழுந்து போவார். நாய்ப் படம் போட்ட, விளிம்பு உடைந்த பெரிய குவளை ஒன்று பெரில் வீட்டில் கிளைவுக்கென்றே தொங்கும். தேநீர் அதில்தான்.

ஏப்ரலில் ஒருநாள் கிளைவ் என் வாசலில் வந்து நின்றார்.

"பெரிலைக் கேட்டுரலாம்னு இருக்கேன் ராஜி."

"எதை?"

"நடுச்செவுத்துல ஒரு கதவு வச்சுரலாமான்னு."

கல்யாணத்துக்கு இதைவிட அழகாகக் கேட்க நான் எழுதுகிற காதல் கதைகளின் கதாநாயகர்கள் யாருக்கும் தெரியாது.

(என் தொடர்கதையாக இருந்தால் இந்த இடத்தில் மழை பெய்திருக்கும். இங்கேயும் பெய்தது. தினமும் பெய்வதால் அது கணக்கில் சேராது.)

3

மே மாதம் வந்தது. பெரில் விட்பியில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனார். அவர் வீட்டு முன்புறப் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. காதலிப்பவருக்குக் கை சும்மா இருக்குமா? நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் கிளைவ் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போய், மைதானத்துக்குப் போடுவது போலக் கோடு கோடாக வெட்டி முடித்துவிட்டார்.

அந்தப் புல்லுக்கு நடுவே என்ன இருந்தது என்று தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். கௌஸ்லிப் என்று ஒரு காட்டுப்பூ. தண்டின் நுனியில் மஞ்சள் கொத்தாகத் தொங்கும். விதை போட்டு வருடக்கணக்காகக் காத்திருந்து, பெரிலுக்கு இந்த வசந்தத்தில்தான் மொட்டு விட்டிருந்தது. "வெளிய சொல்லிராத கண்ணு. வராமப் போச்சுன்னா சிரிப்பாங்க" என்றிருந்தார். தங்கையை அழைத்துவந்து காட்டத்தான் விட்பிக்கே போயிருந்தார்.

அக்காவும் தங்கையும் டாக்சியிலிருந்து இறங்கினார்கள். நான் குப்பைத் தொட்டியை வெளியே வைத்துக்கொண்டிருந்தேன்.

"புல்லை வெட்டிட்டேன் பெரில்!" கிளைவுக்கு முகமெல்லாம் வெயில். "தெருவே பாத்துட்டுப் போகுது. பாவம், ஒத்தையா நீ என்ன பண்ணுவ? உன்னால முடியாதுன்னுதான் நானே..."

பெரில் பெட்டியைக் கீழே வைத்தார். ஒட்ட வெட்டிய தரையைப் பார்த்தார்.

"ஓ. உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு" என்றார்.*

* 'உங்களுக்கு' என்பது நான் போட்டது. ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்றுதான். பெரில் வழக்கமான சொல்லையே சொன்னார். அது 'நீ' இல்லை, 'நீங்கள்'தான் என்று எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், மறுநாள் தேநீரைப் பார்த்து.

4

மறுநாள் கிளைவ் துள்ளிக்கொண்டு வந்தார்.

"பூப்போட்ட கோப்பை ராஜி! சாஸரோட! அவங்கம்மா வச்சிருந்தது. துணி விரிச்சு, தட்டுல பிஸ்கட் அடுக்கி... எனக்காக எடுத்திருக்கா!"

பாதிரியாருக்கும் காப்பீட்டுக்காரருக்கும் எடுக்கும் கோப்பை அது.

நம் ஊரில் கோபித்துக்கொண்டவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போவார். நாலு பேர் பின்னாலேயே ஓடி, கையைப் பிடித்து இழுத்து வந்து இலையில் உட்கார வைப்பார்கள். இங்கே கோபித்துக்கொண்டவர் உங்களுக்குத் தட்டில் பிஸ்கட் அடுக்குவார். பின்னால் ஓடுவதற்கு வழியே இல்லை.

பெரிலிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நானா? சேச்சே. நான் ஒண்ணும் அஃபெண்ட் ஆகலையே. புல்லுதானே? நல்லதுக்குத்தானே வெட்டினாரு. நீ அங்க போய் எதையாவது உளறி வைக்காத, சரியா?"

"சரி" என்றேன்.

சாஸரைத் துடைத்தார். துடைத்த சாஸரையே மறுபடியும் துடைத்தார்.

"பனியில, மேட்டு ரோட்டுல, ரெண்டு மாடி பஸ்ஸ ஓட்டினவ நான். என்னால முடியாதாம்."

5

இங்கே எனக்கு ஒரு சிக்கல். எழுதுகிறவள் என்ற முறையில் நான் கிளைவிடம் சொல்லிவிடலாம். எழுதியும் பார்த்தேன்:

'ராஜி உண்மையைச் சொன்னதும் கிளைவ் கடைக்கு ஓடினார். பெரிய பூங்கொத்தோடு பெரிலின் கதவைத் தட்டி'

அடித்துவிட்டேன். மொட்டை வெட்டிவிட்டுக் கடைப்பூவை நீட்டுகிறவரை எனக்கே பிடிக்கவில்லை. அதோடு, பெரிலுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

என்னைக் காப்பாற்றியது வீடு வீடாக ஜன்னல் துடைக்க வரும் வில்ஃப். கிளைவ் மூச்சு வாங்க என் சமையலறைக்குள் வந்தார்.

"என் குவளை! நாய்ப் படம் போட்டது! அந்த வில்ஃப் பய பெரில் வாசப்படியில உக்காந்து அதுல உறிஞ்சிட்டிருக்கான்!"

"உங்களுக்குத்தான் பூப்போட்ட கோப்பை இருக்கே."

பெருமையாகத் தலையாட்டினார். ஆட்டம் பாதியில் நின்றது.

"அந்தக் கோப்பையில பாதிரியாருல்ல குடிப்பாரு?"

நான் தேநீர் ஊற்றினேன். ஊற்றமாட்டேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

கிளைவ் ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் புல்லைப் பார்த்த கண்.

"தண்டு தண்டா நின்னுச்சே... நுனியில மஞ்சளா... நான் களைன்னு..." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிப்புக் கேளுங்க."

"எப்படிம்மா கேக்குறது? 'கோவமே இல்ல'ன்னு சொல்லிட்டா. இப்பப் போய் மன்னிப்புக் கேட்டா அவளப் பொய்க்காரின்னு சொன்ன மாதிரி ஆயிருமே!"

நீங்கள் சிரிக்கலாம். இந்தத் தெருவில் குடியிருப்பதால் என்னால் முடியவில்லை.

6

அதன்பின் கிளைவ் தன் வீட்டுப் புல்லை வெட்டவில்லை.

தெருவிலேயே பேர்பெற்ற புல்தரை அது. கணுக்காலைத் தாண்டியது. முழங்காலைத் தொட்டது. "என்ன பெரிசு, மாடு வாங்கப் போறியா?" என்று ஏணிமேல் இருந்து வில்ஃப் கேட்டான். ஊர்த் தோட்டப் போட்டி நடத்துகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, கிளைவின் உடம்புக்கு என்னவென்று என்னிடம் விசாரித்தார்கள். தினமும் காலையில் சுவர் தட்டப்பட்டது, கிளைவ் போனார், பூப்போட்ட கோப்பையில் குடித்துவிட்டு, நன்றி சொல்லித் திரும்பினார். கதவு பற்றிய பேச்சையே எடுக்கவில்லை.

ஜூலையில் ஒரு காலை. சுவரைத் தட்டாமல் பெரிலே வெளியே வந்தார். நான் வெட்டத் தேவையில்லாத ரோஜாச் செடியை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மெஷின் கெட்டுப்போச்சா?"

"இல்ல."

"முதுகு வலியோ? பாவம், ஒத்தையா என்ன பண்ணுவீங்க. உங்களால முடியலன்னா நான் வேணா வெட்டித் தரவா?"

கிளைவுக்குக் காது சிவந்தது. தன் பேச்சே திரும்பி வந்ததை வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம் பெரில். என்னதான் வருதுன்னு பாக்கலாம்னு இருக்கேன். முன்னாடி எனக்குப் பாக்கத் தெரியல."

பெரில் அந்தக் காட்டுப் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் வராது. வெறும் புல்லுதான் வரும். விதை போடணும்."

"எப்ப போடணும்?"

"செப்டம்பர்ல."

"நம்ம ரெண்டு பக்கமுமா?"

பெரில் "டீக்குத் தண்ணி வைக்கிறேன்" என்று உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. கிளைவ் மிதியடியில் காலை நெடுநேரம் துடைத்தார். பிறகு அவரும் உள்ளே போனார்.

7

பெரிலின் சமையலறை வீட்டின் பின்பக்கம். என் ஜன்னலிலிருந்து தெரியாது. கதை எழுதுகிறவளுக்குச் சுவர் ஒரு தடையா என்று கேட்பீர்கள். தடையில்லை. இதற்கு முன் எத்தனையோ ஜோடிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். யாரும் என்னிடம் வழக்குக்கு வந்ததில்லை. ஆனால் இவர்கள் நாளைக் காலையும் எதிரே நின்று எனக்குக் கையசைக்க வேண்டியவர்கள். நான் அவசரப்பட்டு வெட்டிவிட்டால்?

தாமரைக்கு ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினேன்: 'அவர் என்னை அஃபெண்ட் செய்யவே இல்லை என்று சொல்லி, அவள் நல்ல கோப்பையை எடுத்தாள்.' பசங்களுக்குப் புரியவில்லையாம். அவர்களுக்கு இந்தக் கதையைக் கொடு என்றேன்.

முடிவை உங்கள் கையில் தருகிறேன். சமையலறையின் இடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பூப்போட்ட கோப்பை மேல்தட்டில். எட்டுவதற்கு முக்காலி போட வேண்டும். குவளை கைக்கெட்டும் கொக்கியில், நாய்முகம் வெளியே தெரிய. கிளைவ் நடுச்சுவரில் சாய்ந்து நிற்கிறார். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. பெரில் திரும்பி நின்று கையை உயர்த்துகிறார்.

எதை எடுக்கட்டும்? சீக்கிரம் சொல்லுங்கள். தண்ணீர் கொதித்துவிட்டது.